ரோக் மூன்: பார்க்கர் திரும்பி வர்றானா இல்லையா?

நிலாப்பித்தன்:
நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார், ஆல்ஜிஸ் பட்ரிஸோட 'ரோக் மூன்'ங்கிற அறிவியல் புனைகதை நாவல் வீடியோ கேம் மாதிரியாம், ஹீரோ பார்க்கர் செத்து செத்துப் பொழைச்சு வர்றானாம். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. பார்க்கர் ஒரு தடவைகூட திரும்பி வரல. ஆளை நிலாவுக்கு அனுப்புற மெஷின் ஸ்கேன் பண்றப்பவே ஒரிஜினல் ஆள் காலி, அந்த சிக்னலை வெச்சு லேப்ல ஒருத்தன் நிலாவுல ஒருத்தன்னு ரெண்டு பேரைப் புதுசா செய்றாங்க. நிலாவுல இருக்கிறவன் அங்க இருக்கிற, யார் கட்டினதுன்னே தெரியாத ஒரு மர்மக் கட்டடத்துக்குள்ள போய் சாவான். லேப்ல எந்திரிக்கிறவன் நகல்.

ராத்திரிவாசகன்:
எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். ரெண்டு பேர் மனசும் இணைஞ்சிருக்கிறதால லேப்ல இருக்கிறவனுக்கு நிலாவுல செத்தது முழுசா ஞாபகம் இருக்கே, முன்னாடி போனவங்க எல்லாம் அந்த சாவை உணர்ந்துதானே பைத்தியம் ஆனாங்க? ஞாபகம் இருந்தா அவன் பார்க்கர்தான்.

நிலாப்பித்தன்:
ஞாபகம் இருந்தா அதே ஆளா? நகலுக்கும் ஞாபகம் இருக்கும். திரும்பி வரல.

பழையபேப்பர்:
நீங்க ரெண்டு பேரும் அந்தக் கட்டடத்தையே விட்டுட்டீங்க. நிலாவோட வடக்கைப் பார்த்து ஒத்தைக்கால் மண்டி போட்டா சாவு, இடது கையைத் தோளுக்கு மேல தூக்கினா சாவு. ஏன்னு கடைசிவரைக்கும் சொல்லமாட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது அங்கதான். அறிவியல் புனைகதைக்குத் தர்ற ஹியூகோ விருது 1961-ல இதுக்குக் கிடைச்சிருக்கணும்.

கறார்வாசகி:
அந்த வருஷம் ஜெயிச்சது 'எ கான்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்'. அதுக்கு முன்னாடி இது நிக்காது. பாதி நாவல் ஆம்பளைங்க ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டு நிக்கிறதுதான். பார்க்கரோட காதலி கிளேர்னு ஒருத்தியை வெச்சு என்ன பண்ணியிருக்கார்?

பழையபேப்பர்:
உங்களுக்கு எந்தப் புத்தகம்தான் புடிச்சிருக்கு? போன மாசம் ஆர்தர் கிளார்க்கோட 'ராமா' நாவலையும் இப்படித்தான் கிழிச்சீங்க.

கறார்வாசகி:
கிழிச்சேன், காரணத்தோட. நீங்க பதில் சொல்லாம ஓடினது எனக்கு மறக்கல.

நிலாப்பித்தன்:
சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க. கடைசிப் பக்கம் ஞாபகம் இருக்கா? அந்த மெஷினைச் செஞ்ச விஞ்ஞானி ஹாக்ஸும் கடைசியில அதுல போறான், நிலாவுல இருக்கிற ஹாக்ஸ் திரும்பி வரமாட்டேங்கிறான், ஏன்னா பூமியில ஏற்கனவே ஒரு ஹாக்ஸ் இருக்கான். பூமியில இருக்கிறவன் கையில ஒரு துண்டுச் சீட்டு, போறதுக்கு முன்னாடி எழுதினது, அவகிட்ட, அதாவது அவன் காதலிக்கிற பொண்ணுகிட்ட, என்னைப் பத்திச் சொல்லுன்னு. எழுதினவன் இப்ப இல்ல, படிக்கிறவன் வேற ஆள். நான் புத்தகத்தை மூடிட்டு ரொம்ப நேரம் என் கையையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இதைப் போய் கேம்ங்கிறீங்க.

ராத்திரிவாசகன்:
எழுதினவனும் ஹாக்ஸ், படிக்கிறவனும் ஹாக்ஸ். அதனாலதான் அந்தச் சீட்டுக்கு அர்த்தமே இருக்கு. வேற ஆளா இருந்தா அவன் எதுக்கு அவகிட்ட போய்ச் சொல்லணும்?

நிலாப்பித்தன்:
முழு நாவலைப் படிச்சீங்களா இல்ல பத்திரிகையில வந்த சின்ன வடிவமா?

ராத்திரிவாசகன்:
ரெண்டும் படிச்சேன். ரெண்டுலயும் பார்க்கர் திரும்பி வர்றான்.

நிலாப்பித்தன்:
வரல.