ஊட்டிக் குளிரில் கள்ளிச் செடிகள் அடியில் அழுகுவது ஏன்?

வறள்தோட்டம்
மாணவர்கள் வந்து பார்ப்பதற்காகக் கல்லூரியில் வறண்ட நிலத் தாவரங்களுக்குச் சிறு தோட்டம் போட்டிருக்கிறோம். செடிகள் சமவெளி நர்சரியில் வாங்கியவை. செம்மண், கோகோபீட் (தென்னைநார்த் தூள்), மண்புழு உரம் சம அளவு. மேலே ஷேட் நெட். ஐப்பசி மழைக்குப் பிறகு சிவப்பு, மஞ்சள் தலை வைத்த கள்ளிகள் அடியில் கூழாகிச் சாய்கின்றன. கற்றாழைக்கு ஒன்றுமில்லை. காரணம் குளிரா, தண்ணீரா?

முள்ளும்மலரும்77
இரண்டும் சேர்ந்ததுதான். அந்தச் சிவப்புத் தலைக்குப் பச்சையம் கிடையாது. கீழே மூன்று பட்டையாக நிற்கும் டிராகன் பழக் கள்ளியில் ஒட்டியிருப்பார்கள். அது வெப்பமண்டலக் காட்டில் மரம் பற்றி ஏறும் செடி. 10 டிகிரிக்குக் கீழே ஈரத்தோடு நின்றால் தாங்காது. தலை கெட்டியாக இருந்தால் எக்கினாப்சிஸ் என்ற வேறு கள்ளியை அடிச்செடியாக வைத்து அதற்கு மாற்றலாம், ஆனால் இப்போது வேண்டாம். பங்குனி, சித்திரையில் அடிச்செடி வளரும்போது செய்யுங்கள். இரண்டையும் சுத்தமான பிளேடால் வெட்டி, நடுவில் தெரியும் வளையங்கள் ஓரிடத்திலாவது தொடும்படி வைத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். வளையம் தொடாவிட்டால் ஒட்டாது.

கல்லட்டிக்காரன்
ஷேட் நெட் மழையைத் தடுக்காது, வெயிலைத்தான் தடுக்கும். ஊட்டிக்கு நேர் எதிரானது தேவை. 200 மைக்ரான் யூவி பாலித்தீன் ஷீட்டைச் சரிவாகக் கட்டுங்கள். தட்டையாகக் கட்டினால் உள்ளே கோக்கும் நீர் செடியின் உச்சியிலேயே சொட்டும். பக்கங்கள் திறந்திருக்கட்டும்.

கோகோபீட்டை விட்டுவிடுங்கள். 4–6 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லி மூன்று பங்கு, செம்மண் ஒரு பங்கு, மட்கிய உரம் அரைப் பங்கு. எம்-சாண்ட் சேர்த்தால் சலித்துக் கழுவியே சேர்க்க வேண்டும். அதன் மாவு இறுகி வடிகாலை அடைத்துவிடும். கார்த்திகை முதல் மாசி வரை தண்ணீரே வேண்டாம்.

வறள்தோட்டம்
நான்கு மாதமும் சொட்டுத் தண்ணீர் கூட வேண்டாமா? உறைபனி?

கல்லட்டிக்காரன்
சுருங்கினால் பரவாயில்லை, பிறகு உப்பிவிடும். குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும், எனவே தொட்டிகளை மேட்டில், பெஞ்சின் மேல் வையுங்கள். ஆண்டிஸ் மலைக் கள்ளிகளான ரெபுட்டியா, லோபிவியா, ஓரியோசீரியஸ் காய்ந்திருந்தால் பனியையும் தாங்கும். ரெபுட்டியா மொட்டு வைக்க அந்தக் குளிர் நல்லதும்கூட. அடீனியம், மெலோகாக்டஸ் ஊட்டிக்கு வேண்டாம்.

முள்ளும்மலரும்77
மாணவர்களுக்குக் காட்ட ஒரு சதுரக்கள்ளியும் வையுங்கள், வீட்டுக்குள் சன்னலோரம். மசினகுடிப் பக்கத்து வறண்ட காட்டுச் செடி அது. பார்க்கக் கள்ளி மாதிரி, குடும்பமோ ஆமணக்குடையது. முள் பஞ்சுத் திட்டிலிருந்து கிளம்பினால் காக்டஸ். இதில் அந்தத் திட்டே இராது, கீறினால் பால் வரும். கீறிக் காட்டும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பால் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும்.