கபடித் தெரிவில் எது முதலில்: நிறையா, சுறுசுறுப்பா?

கொட்டாஞ்சேனை_ரைடர்:
போன கிழமை கொழும்பில் ஒரு கழகத்தின் 20 வயதுக்கு உட்பட்டோர் அணித் தெரிவு பார்க்கப் போயிருந்தேன். 60 கிலோகூட இல்லாத ஒரு பொடியன், பாடிப் போன நேரமெல்லாம் ஏதோ ஒரு புள்ளியோடு திரும்பினான். "உடம்பு காணாது" என்று அவனை விட்டுவிட்டு 78 கிலோ ஆளை எடுத்தார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. தளம் 13 மீற்றர் நீளம், எதிரணியின் பாதி ஆறரை மீற்றர்தான். அதற்குள் முழு வேகம் எடுக்க எங்கே இடம்? நிற்பது, திரும்புவது, மறுபடி பாய்வது, எல்லாம் 30 செக்கனுக்குள். பாரம் கூடக் கூட அந்தத் திருப்பத்துக்குக் காலில் கூடுதல் விசை வேண்டும். சர்வதேச விதிகூட ஆண்களுக்கு 85 கிலோ என்று மேல் எல்லைதான் வைத்திருக்கிறது. கீழ் எல்லை இல்லை.

வெள்ளவத்தை_கோர்னர்:
தம்பி, தொடுவது பாதி வேலைதான். பிடிபட்ட பிறகும் நடுக்கோட்டுக்கு வந்து சேர வேண்டுமே? நான் பிடிக்கிற வரிசையின் வலது ஓரத்தில், வலது கோர்னரில் நிற்கிறவன். கணுக்கால் கைக்குள் வந்துவிட்டால் மெலிந்த பொடியன் அதோடு சரி. தொடை பலமான ஆள் என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் கோட்டில் கை வைப்பான். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியை மறந்துவிட்டீர்களா? 1990 முதல் ஒவ்வொரு முறையும் தங்கம் வென்ற இந்திய ஆண்கள் அணியை ஈரான் 27-18 என்று விழுத்தியது. இந்தியாவின் அத்தனை கெட்டிக்கார ரைடர்களும் (பாடிப் போகிறவர்கள்) சேர்ந்து 18 புள்ளிக்கு மேல் போக முடியவில்லை. பிடியின் பலம் அது.

விளையாட்டு_ரீச்சர்:
இரண்டு பேரும் தராசு முள்ளைப் பார்த்தே கதைக்கிறீர்கள். தராசு தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டாது. ஒரே 78 கிலோவில் ஒருவன் பாய்வான், இன்னொருவன் நாலாவது முறை பாடிப் போகும்போதே மூச்சு வாங்குவான்.

சுறுசுறுப்பை அளக்கிற விதத்திலும் கோளாறு இருக்கிறது. இலினோய் சோதனையிலும் டீ சோதனையிலும் கூம்புகளை வைத்து ஓடவிடுகிறோம். எங்கே திரும்ப வேண்டும் என்பது பிள்ளைக்கு முன்கூட்டியே தெரியும். கபடியில் தெரியாது. கோர்னரின் தோள் அசைவதைப் பார்த்து அந்தக் கணத்தில் காலை எடுக்க வேண்டும். கூம்பைச் சுற்றி வேகமாக ஓடுகிற சில பிள்ளைகள், ஆள் முன்னால் வந்தால் உறைந்துபோவதை நான் தெரிவுகளில் பார்த்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை_ரைடர்:
ரீச்சர் சொல்வதைத்தான் நானும் சொல்ல வந்தேன். இந்திய ரைடர் பர்தீப் நர்வாலின் டுப்கியைப் பாருங்கள். கைகோத்த சங்கிலி தன்மேல் மூடும் சரியான கணத்தில் இடுப்பைத் தாழ்த்தி அடியால் வெளியே வருவார். அந்தக் கணம் பிந்தினால் எந்த உடம்பும் உதவாது. நிறையை ஒரு வருடத்தில் சாப்பாட்டாலும் ஜிம்மாலும் ஏற்றலாம். இந்தக் கண் எத்தனை வருடத்தில் வரும்?

வெள்ளவத்தை_கோர்னர்:
அடியால் வந்த பிறகு முதுகில் விழுகிற ஆளைத் தாங்கியபடி கோட்டுக்குப் பாய்வது எதனால்? காலில் பலம் இல்லாமல் டுப்கி இல்லை. 60 கிலோவை ஒரே வருடத்தில் 70 ஆக்கலாம் என்பதும் சும்மா கதை. அவசரமாக ஏற்றினால் அதில் பாதி கொழுப்பாகத்தான் இருக்கும். அதுவரை பெரியவர்கள் மோதி வெளியே தள்ளுகிற டாஷுக்கு முன்னால் அந்தப் பிள்ளையை நிறுத்தி முழங்காலை உடைக்கச் சொல்கிறீர்களா?

விளையாட்டு_ரீச்சர்:
காயம் பற்றிய பயம் நியாயமானது. அதற்காக அணியில் எடுக்காமலே விடுவதா? எடுங்கள், பலப் பயிற்சி கொடுங்கள், முதலில் எதிரணிப் பாதிக்குள் இருக்கிற போனஸ் கோட்டுக்கு மட்டும் அனுப்புங்கள். எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது அந்தக் கோட்டைத் தாண்டி, யாரையும் தொடாமலே ஒரு புள்ளி எடுத்து வரலாமே.

வெள்ளவத்தை_கோர்னர்:
போனஸுக்கு மட்டும் ஒரு இடத்தை என்னால் கொடுக்க முடியாது, ரீச்சர். ஏழு பேரும் பிடிக்கவும் வேண்டும். ஆனால் ஞாயிறு எங்கள் பயிற்சிக்கு அவனைக் கூட்டி வாருங்கள், தம்பி. கோர்னரில் நானே நிற்கிறேன்.

கொட்டாஞ்சேனை_ரைடர்:
கூட்டி வருகிறேன், அண்ணா. ஆனால் ஏழு பேரையும் நிறுத்துங்கள். உங்களோடு தனியாக இழுபறிப்படவிட்டால் அவன் கண்ணை நீங்கள் பார்க்க முடியாது.