கொலோனோஸ்கோபித் திரையில் பச்சைக் கட்டம்: கட்டாயமாக்கலாமா?

நிரலாளன்:
கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை கொலோனோஸ்கோபி. அது நடக்கும்போதே, பாலிப் என்னும் சதை வளர்ச்சி இருக்கும் இடத்தைத் திரையில் பச்சைக் கட்டமிட்டுக் காட்டும் ஆழ்கற்றல் கருவிகள், அதாவது படங்களைப் பார்த்துக் கற்ற கணினி நிரல்கள், வந்துவிட்டன. இந்தப் பரிசோதனை நடக்கும் எல்லா எண்டோஸ்கோபி அறைகளிலும் இவற்றைக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறேன். ஒரே நோயாளிக்கு அடுத்தடுத்து இரண்டு முறை பரிசோதனை செய்து பார்த்த ஆய்வுகளில், ஏறத்தாழ நான்கில் ஓர் அடினோமா முதல் முறை தவறவிடப்பட்டிருக்கிறது. அடினோமா என்பது பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப். இத்தாலியின் மூன்று மையங்களில் 685 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். ஓர் அடினோமாவாவது கண்டறியப்பட்டவர்கள், கருவி இல்லாத பிரிவில் 40.4 விழுக்காடு, கருவியுடன் 54.8. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2021 ஏப்ரலில் அந்தக் கருவிக்கு அனுமதியும் கொடுத்துவிட்டது. இன்னும் எதற்குத் தயங்குகிறோம்?

செங்காந்தள்:
குடல் மருத்துவம் என் தொழில். அந்தப் பச்சைக் கட்டத்துடனும் அது இல்லாமலும் வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: கூடுதலாகக் கிடைப்பவை எவை என்று கேளுங்கள். பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்கும் குறைவான பொடிப் பாலிப்கள். 21 சோதனைகளில் பங்கேற்ற 18,000க்கும் மேற்பட்டவர்களின் தரவை ஒன்றுசேர்த்து 2023இல் வெளியான பகுப்பாய்வில், அடினோமா கண்டறியும் வீதம், அதாவது ஓர் அடினோமாவாவது கண்டறியப்பட்டவர்களின் பங்கு, 35.9இலிருந்து 44 விழுக்காடாக உயர்ந்தது உண்மைதான். ஆனால் பெரிய, ஆபத்து மிகுந்த அடினோமாக்களில் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எடுக்கும் ஒவ்வொரு பொடிப் பாலிப்புக்கும் திசுப் பரிசோதனைச் செலவு உண்டு. அடுத்த கொலோனோஸ்கோபியும் முன்கூட்டியே வந்துவிடும். அதற்கும் பேதி மருந்து, மயக்க மருந்து, ஒரு நாள் கூலி இழப்பு. 2025இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழின் வழிகாட்டுக் குழு, வழக்கமான பயன்பாட்டுக்கு எதிராகவே பரிந்துரைத்தது. வலுக்குறைந்த பரிந்துரைதான் என்றாலும் எதிரானது.

நிரலாளன்:
டாக்டர், சிறியது என்பதற்காக ஒதுக்கிவிட முடியுமா? கலிஃபோர்னியாவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கொலோனோஸ்கோபிகளை அலசிய 2014ஆம் ஆண்டு ஆய்வு இருக்கிறது. மருத்துவரின் அடினோமா கண்டறியும் வீதம் ஒரு விழுக்காட்டுப் புள்ளி கூடினால், பரிசோதனைக்குப் பின் நோயாளிக்குப் புற்றுநோய் வரும் ஆபத்து 3 விழுக்காடு குறைகிறது என்று அது காட்டியது. இத்தாலிய ஆய்வில் கண்ட 14 புள்ளி உயர்வு என்றால் எத்தனை உயிர்கள்!

கணக்கர்:
அந்தப் பெருக்கலைச் செய்யாதீர்கள். 2014 ஆய்வில் இருந்தவர்கள் கருவி இல்லாத மருத்துவர்கள். அவர்களில் யார் வீதம் உயர்ந்திருந்தது? குழாயை அவசரமின்றி வெளியே எடுத்தவர், மடிப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தவர், அழுக்கைக் கழுவிவிட்டுப் பார்த்தவர். வீதம் என்பது அந்தக் கவனத்தின் அடையாளம். கருவி அந்த எண்ணை மட்டும் உயர்த்தினால், கவனம் தந்த பலனும் கூடவே வரும் என்று எப்படிச் சொல்வது? இந்தக் கருவியால் புற்றுநோய் மரணம் குறைந்தது என்று எந்தச் சமவாய்ப்புச் சோதனையும், அதாவது நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் எந்த ஆய்வும், இதுவரை நிறுவவில்லை. அதற்கு நீண்ட ஆண்டுகள் பின்தொடர வேண்டும்.

அல்லி:
நான் எண்டோஸ்கோபி அறைச் செவிலி. நிரலாளன் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கேமரா பார்க்காத இடத்தில் கட்டம் வராது. குடல் சரியாகச் சுத்தமாகாவிட்டால் நுரை மேலும் மலத் துணுக்கு மேலும் கட்டம் துள்ளிக்கொண்டே இருக்கும். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, வயிற்றை அழுத்திப் பிடிப்பது, தண்ணீர் பாய்ச்சிக் கழுவுவது எல்லாம் மனிதக் கைதான் செய்கிறது. அந்தக் கைகளுக்கு ஆள் போதாத இடத்தில் முதலில் கருவி வாங்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிரலாளன்:
நுரை மேல் கட்டம் வருவது பயிற்சித் தரவின் குறை, அக்கா. ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் பொதுப் படத் தொகுப்புகளில், நார்வேயின் குவாசிர்-செக் 1,000 படங்கள் கொண்டது, பார்சிலோனாவின் சி.வி.சி. கிளினிக் டி.பி. 612 படங்கள்தான். தெளிவான, பாலிப் நன்றாகத் தெரியும் படங்களில் கற்ற கருவி, அசையும் காணொளியில் தடுமாறும். அழுக்கான குடல், மங்கலான காட்சி, பாலிப் இல்லாத நீண்ட காணொளி ஆகியவற்றை ஊட்டினால் இது குறையும். குறை தீரக்கூடியது என்பதுதான் என் வாதம். உச்சி வேளையில் களைத்துப்போன கண்ணுக்கு அப்படித் திருத்தம் செய்ய முடியாது.

செங்காந்தள்:
தட்டையான, ரம்ப விளிம்புப் பாலிப்களை மறந்துவிட்டீர்கள். வலப்பக்கப் பெருங்குடலில் சளி போர்த்திக்கொண்டு, சுற்றியுள்ள குடல் உட்சவ்வின் நிறத்திலேயே கிடக்கும். நாம் தவறவிடுவதும் அவற்றைத்தான். படத் தொகுப்புகளில் குறைவாக இருப்பதும் அவைதான்.

களைத்த கண் என்றீர்கள். பழகிய கண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதையும் பாருங்கள். போலந்தில் நான்கு மையங்களில் நடந்து 2025இல் வெளியான ஆய்வு அது. மருத்துவர்கள் ஒவ்வொருவரும் 2,000க்கும் மேற்பட்ட கொலோனோஸ்கோபி செய்தவர்கள். கருவி வந்த பிறகு, கருவி இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அவர்களுடைய வீதம் 28.4இலிருந்து 22.4ஆக இறங்கிவிட்டது. ஊன்றுகோலைப் பிடித்து நடந்தவர் அதை விட்டதும் தள்ளாடுவது போலத்தான். கையில் அவ்வளவு அனுபவம் உள்ளவர்களுக்கே இப்படியென்றால், கட்டத்துடனேயே தொழில் கற்கும் இளம் மருத்துவர் என்ன ஆவார்?

நிரலாளன்:
அது சமவாய்ப்புச் சோதனை அல்ல. கருவி வருவதற்கு முன்னும் பின்னுமான மாதங்களை ஒப்பிட்ட பதிவு. இடையில் வந்த நோயாளிகள் மாறியிருக்கலாம், பணிச்சுமை கூடியிருக்கலாம். இத்தாலியச் சோதனைக்குக் கேட்கும் கடுமையான சான்றை இதற்கும் கேளுங்கள், டாக்டர்.

கணக்கர்:
அந்தக் கேள்வி நியாயமானது. போலந்து முடிவை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல. ஆனால் ஒரு கருவியைக் கட்டாயமாக்கச் சொல்கிறவர்தான் அதிகச் சான்று தர வேண்டும், தயங்குகிறவர் அல்ல.

தென்னங்கீற்று:
குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். என் அண்ணனுக்கு 46 வயதில் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. எனக்கு 38 வயது. எந்த அறிகுறியும் இல்லை. இந்தக் கருவி உள்ள மருத்துவமனையைத் தேடிப் போக வேண்டுமா?

நிரலாளன்:
இருந்தால் அங்கேயே செய்துகொள்ளுங்கள். என் வீட்டில் ஒருவருக்கு என்றாலும் இதையேதான் சொல்வேன்.

செங்காந்தள்:
தம்பி, கருவியைத் தேடி நாளைத் தள்ளாதீர்கள். உடன்பிறந்தவருக்கு இந்த நோய் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்னதாக, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி தொடங்க வேண்டும். உங்கள் கணக்கில் அது 36. ஏற்கெனவே கடந்துவிட்டது. நம் நாட்டின் அரசுப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களைத்தான் பார்க்கிறது; குடலுக்கு யாரும் உங்களை அழைக்க மாட்டார்கள். நீங்களாகவே போக வேண்டும். செய்யப்போகும் மருத்துவரிடம் அவருடைய அடினோமா கண்டறியும் வீதம் என்ன என்று தயங்காமல் கேளுங்கள்.

அல்லி:
பேதி மருந்தை முழுவதும் முந்தைய இரவே குடித்துவிடாதீர்கள். பாதியை இரவிலும் மீதியைப் பரிசோதனை நாள் காலையிலும் குடிப்பதுதான் குடலை நன்றாகச் சுத்தமாக்கும். காலை மருந்தை எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்பதை நேரம் குறிக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையோ இரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ சாப்பிடுகிறவர் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.