அம்மாவுக்குக் கை கால் வலி வந்து வந்து போகிறது, கிளினிக்கில் என்ன கேட்பது?

பால்மரத்து மகள்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவில், பேராக் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது. வெகுகாலம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் உதிரிப்பழம் பொறுக்கினார். இப்போது வீட்டில்தான்.

ரெண்டு வருஷமாகக் கை கால் வலி. ஒரு வாரம் நன்றாக இருப்பார், அடுத்த வாரம் படுத்துவிடுவார். ராத்திரியில் விரல் மரத்துப்போய் எழுந்து உட்கார்ந்து கையை உதறுவார். காலில் ஒருநாள் பாதம் எரிகிறது என்பார், இன்னொரு நாள் தொடை கடுக்கிறது என்பார். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) ரொம்ப வருஷமாக இருக்கிறது, பிரஷரும் உண்டு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு அம்லோடிபின் 10, கொழுப்புக்கு ராத்திரியில் சிம்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம். வலி என்று சொன்னால் பாராசிட்டமால் கொடுக்கிறார்கள். அத்தை வாதம் என்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் யூரிக் ஆசிட் என்கிறார். எந்த டெஸ்ட் எடுக்கச் சொல்லலாம்?

ஜொகூர்க்காரன்:
முன்னே காய்ச்சல் ஏதும் வந்ததா? 2008இல் ஜொகூரில் சிக்கன்குன்யா பரவியபோது எனக்கும் வந்தது. காய்ச்சல் சில நாளில் போய்விட்டது, மணிக்கட்டும் கணுக்காலும் பல மாதம் விடவில்லை.

பால்மரத்து மகள்:
இல்லை அண்ணா, காய்ச்சலே இல்லை. மூட்டும் வீங்கவில்லை.

ரிட்டையர்டு மிஸ்ஸி:
அப்படியென்றால் யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். அது பெரும்பாலும் ஒரே மூட்டை, அதிலும் கால் பெருவிரலை, சிவந்து வீங்க வைத்து ராத்திரியோடு ராத்திரியாகத் தாக்கும். முடக்குவாதம் என்றால் காலையில் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடக்கும், வீக்கமும் தெரியும்.

தங்கச்சி, கை வலியையும் கால் வலியையும் ஒரே கணக்கில் எழுதாதே. அம்மா கையை உதறும்போது எந்த விரல் மரத்திருக்கிறது என்று கேள். கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று சொல்லி, சுண்டு விரலுக்கு ஒன்றும் இல்லை என்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது. கார்பல் டன்னல் என்பார்கள். உளியைப் பிடித்து மணிக்கட்டை வளைத்தே வேலை பார்த்த கை, கூடவே இனிப்பு நீர். ரெண்டும் அதற்குத் தோதுதான். ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை போட்டுப் பாருங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும். கட்டை விரல் அடியில் உள்ள சதை வற்றியிருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். கழுத்தைத் திருப்பும்போது வலி கைக்கு இறங்கினால் அது கழுத்து எலும்புப் பக்கத்து விஷயம்.

காலுக்கு வருவோம். ரெண்டு பாதமும் ஒரே மாதிரி எரிந்து, ராத்திரியில் கூடினால் இனிப்பு நீர் நரம்பைத் தின்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டால் பி12 சத்தும் குறையலாம், அதுவும் இதே எரிச்சலைத் தரும். எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் டெஸ்ட்), பி12, தைராய்டு மூன்றையும் கேள். தைராய்டு குறைந்தால் தசையும் வலிக்கும், மணிக்கட்டு நரம்பும் நெருங்கும். பி12 அங்கே எடுக்காவிட்டால் எங்கே எடுக்கலாம் என்று டாக்டரையே கேட்டுக்கொள்.

ஒன்று சொல்ல மறந்தேன். எரிகிறது என்று வெந்நீரில் கால் வைக்க விடாதே. உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் வீட்டில் பார்ப்பார்கள். நான் நர்ஸாக இருந்த வார்டில் அப்படி நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.

மருந்துப்பெட்டி:
தொடை கடுப்புக்கு வேறு காரணமும் இருக்கலாம். சிம்வாஸ்டாட்டின் சிலருக்குத் தசை வலி கொடுக்கும். அம்லோடிபினோடு சேரும்போது உடம்பில் அதன் அளவு ஏறும். அதனால் ரெண்டும் ஒன்றாக எடுப்பவர்களுக்கு சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2011இலேயே எச்சரித்தது. 40 என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், மருந்து அட்டையைக் காட்டிக் கேளுங்கள். தசை சேதத்தைக் காட்டும் சிகே என்ற ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொல்லலாம். வலி கடுமையாகி மூத்திரம் கோப்பி நிறத்தில் போனால் மட்டும் அன்றைக்கே ஓட வேண்டும்.

அப்புறம் ஒரு கேள்வி. அம்மா நாட்டு மருந்து, ஜாமு (மலாய் மூலிகை மருந்து), வலி மாத்திரை ஏதாவது எடுக்கிறாரா? நன்றாக இருக்கும் வாரமும் படுத்துவிடும் வாரமும் மாறி மாறி வருகிறது என்றீர்களே.

பால்மரத்து மகள்:
நீங்கள் கேட்ட பிறகுதான் விசாரித்தேன். பெரியம்மா பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மூலிகை மாத்திரையாம். வலி வரும்போது ரெண்டு நாள், மூன்று நாள் போடுகிறார். உடனே கேட்கிறதாம். டப்பாவில் மால் நம்பர் (அரசாங்க மருந்துப் பதிவு எண்) இல்லை.

மருந்துப்பெட்டி:
மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. பதிவில்லாத வலி மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்திருக்கிறது. அது ரத்தச் சர்க்கரையையும் பிரஷரையும் ஏற்றும், நாளாக நாளாகத் தொடைச் சதை பலவீனமாகும். ஆனால் தினமும் பல வாரம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து, ஆள் மயங்கி விழலாம். டப்பாவோடு டாக்டரிடம் போங்கள், எவ்வளவு நாளாக என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

குலைவெட்டி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குக் கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. இதுவும் நரம்பா?

ரிட்டையர்டு மிஸ்ஸி:
சும்மா நின்றாலே விட்டுவிட்டால் ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம் தம்பி, சிகரெட் பிடித்தால் இன்னும் சந்தேகம். உட்கார்ந்தால், முன்னால் குனிந்தால்தான் குறைகிறது என்றால் முதுகெலும்பு. கால் நாடியைப் பார்க்கச் சொல். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால் கதை வேறு, தோட்டத்தில் எலி மூத்திரக் காய்ச்சல் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், வலியோடு மூத்திரம், மலம் கட்டுப்படாமல் போனாலும் எமர்ஜென்சிக்கே போ.

பால்மரத்து மகள்:
போய் வந்தோம். டாக்டர் டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டார், படிப்படியாகக் குறைக்க அட்டவணை எழுதிக் கொடுத்தார். சிம்வாஸ்டாட்டினுக்குப் பதில் வேறு மருந்து. ரத்தம் எடுத்தார்கள், பி12 முடிவு இன்னும் வரவில்லை. மிஸ்ஸி அக்கா, விரல் நீங்கள் சொன்ன மூன்றுதான், பட்டை போட்டதும் ராத்திரி உதறுவது குறைந்திருக்கிறது. கால் எரிச்சல் அப்படியேதான். பெரியம்மா எங்களோடு பேசுவதில்லை.

ரிட்டையர்டு மிஸ்ஸி:
பேசுவார், விடு. அவரும் அதே மாத்திரை போடுகிறாரா என்று கேட்டாயா?