புதுப்பிப்பு: ஒரே கீபோர்டு, இரண்டு கணினி – இப்போது ஓடுகிறது

ஒரே கீபோர்டு, மவுஸை நெட்வொர்க் வழியாக இரண்டு கணினிக்கும் பகிரும் பேரியர் (Barrier) மென்பொருளைப் போட்ட முதல் நாள் மவுஸ் லேப்டாப் திரைக்குத் தாவியது, மறுநாள் அசையவே இல்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேனே? தப்பு என்னுடையதுதான். கீபோர்டு செருகியிருக்கும் டெஸ்க்டாப்தான் சர்வர், லேப்டாப் அதோடுதான் போய் இணையும். ரவுட்டர் டெஸ்க்டாப்புக்கு வேறு ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுத்துவிட்டது; லேப்டாப் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருந்தது. ரவுட்டரில் அந்த ஐபியை நிரந்தரமாக ஒதுக்கியதும் சரியாகிவிட்டது. ஃபயர்வாலில் பேரியர் பயன்படுத்தும் 24800 போர்ட்டைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி, அது திறந்துதான் இருந்தது.

லேப்டாப்பில் உபுண்டு 22.04 லினக்ஸ். லினக்ஸில் திரையைக் கையாளும் வேலண்ட் (Wayland) பேரியருக்கு ஆகாது, லாகின் திரையிலேயே அதே வேலையைச் செய்யும் பழைய எக்ஸார்க்குக்கு (Xorg) மாறிக்கொள்ளுங்கள்.

இங்கே காப்பி செய்ததை அங்கே ஒட்டவும் முடிகிறது. கேம் ஆடும்போது மவுஸ் ஓரம் தாண்டி ஓடினால் ஸ்க்ரோல் லாக்கை அழுத்துங்கள், இந்தத் திரையிலேயே நிற்கும். இத்தனை வருஷத்தில் அந்தப் பட்டனுக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருக்கிறது!