கர்ரி தீவுக்கு ஃபோர் வீல் டிரைவில் போகத் தயாரானபோது நடந்தவை: உங்களை இன்னும் உறுத்துவது எது?

கடைசி வரிசைக்காரன்:

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையோர மணல் தீவான கர்ரிக்குப் போக நாங்கள் இரண்டு மாதம் தயாரானோம். வண்டி அனுமதி, முகாம் அனுமதி, வண்டிகளைத் தீவுக்கு ஏற்றிச் செல்லும் பார்ஜ் படகின் சீட்டு மூன்றும் ஒரே உறையில் இருந்தன. புதைந்த சக்கரத்துக்கு அடியில் போடும் மீட்புப் பலகைகள், நீளக் காம்பு மண்வெட்டி, சிக்கிய வண்டியை இழுக்கும் ஸ்னாட்ச் ஸ்ட்ராப் என்ற பட்டை, குளிர்பெட்டி என்று எல்லாவற்றையும் பட்டியலில் கோடிட்டு ஏற்றினோம். இன்ஸ்கிப் முனையில் தார்ச்சாலை முடிந்த இடத்திலிருந்து பார்ஜ் நிற்கும் கரை வரை உள்ள மணல் எவ்வளவு பொலபொலப்பானது என்பது இங்கே பலருக்குத் தெரியும். வரிசை நகர்ந்துகொண்டிருந்ததால், மணலுக்காக டயர் காற்றைத் தீவில் இறங்கிய பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து, 36 பி.எஸ்.ஐ. அழுத்தத்திலேயே மணலில் இறங்கிவிட்டேன்.

ஐந்தாறு வண்டி நீளம் கூடப் போயிருக்கமாட்டேன், முன்சக்கரங்கள் அமுங்கின. பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், அவை இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டு இறங்கின. பின்னால் நின்ற வண்டியிலிருந்து ஒரு முதியவர் இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கூரைமேல் கட்டியிருந்த புத்தம்புதுப் பலகைகளையும் பார்க்கவில்லை. முன் டயருக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, அதன் பக்கவாட்டைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திவிட்டு, "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். காற்றழுத்தம் பார்க்கும் என் கேஜும் காற்றடிக்கும் கம்ப்ரெசரும் கூடாரத்துக்கு அடியில், குளிர்பெட்டிக்குப் பின்னால் கிடந்தன. அவர் தன் சட்டைப் பையிலிருந்து கேஜை எடுத்து நான்கு டயரையும் 18-க்கு இறக்கினார். சக்கரங்களைச் சுற்றியிருந்த மணலை நான் வாரினேன். வண்டி வந்த தடத்திலேயே பின்னோக்கி ஏறி வெளியே வந்துவிட்டது. பலகையும் பட்டையும் தேவைப்படவே இல்லை. அந்த ஒற்றைச் சொல் கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றதைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை.

பழைய டீசல்:

பட்டை என்றதும் என் கதை நினைவுக்கு வந்தது. தீவின் வடக்கே இங்காலா பாறைகளைத் தாண்டும் மணல் வெட்டில் ஒரு வண்டி சிக்கியிருந்தது. இழுக்க வந்தவர் ஸ்ட்ராப்பின் கண்ணியைத் தன் வண்டியின் பின்னால் இருந்த இரும்புக் குமிழான டோ பாலில் மாட்டினார். டோ பால் என்பது டிரெய்லரைச் சீராக இழுப்பதற்கு மட்டுமே உள்ளது என்பதும், மீட்பின்போது வரும் வெட்டுவிசையில் அது முறிந்து பாய்ந்து இந்த நாட்டில் உயிர்களைப் பறித்திருக்கிறது என்பதும் எனக்கு அப்போதே தெரியும். முன்பின் தெரியாதவருக்குப் பாடம் எடுப்பானேன் என்று நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது இழுப்பில் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. சிக்கியிருந்த வண்டியின் முன்கண்ணாடியில், ஓட்டுநர் இருக்கைக்கு அடுத்த காலி இருக்கைக்கு நேராக, ஒரு பிள்ளையின் கைமுட்டி அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்த பெண் படம் எடுப்பதற்காகச் சற்று முன்புதான் இறங்கியிருந்தார். உங்கள் பட்டியலில் ஸ்ட்ராப் இருந்தால், அதை மாட்டுவதற்குத் தாங்குதிறன் பொறித்த மீட்புக் கொக்கி உங்கள் வண்டியில் எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலேயே குனிந்து பார்த்துவிடுங்கள்.

ரிம்மை விட்ட டயர்:

முதல் பதிவாளருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: 18 என்பது வேதவாக்கு அல்ல. நான் அப்படி ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு, அது போதாத இடத்தில் 13-க்கு இறக்கி, கடற்கரையில் சட்டென்று வளைத்ததில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிட்டது. என் கதை அவ்வளவுதான்.

காற்றைக் குறைக்கும்போது டயர் அகலமாகிறது என்றுதான் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது மணலில் பதியும் தடம் நீள்வதுதான் அதிகம், வண்டி மிதப்பதும் அந்த நீளத்தால்தான். எனவே எந்த எண் சரி என்பதை வண்டியின் எடையும் டயரின் பக்கவாட்டு உயரமும் அன்றைய மணலும் சேர்ந்தே முடிவு செய்யும். கூரைமேல் பாரமும் பின்னால் டிரெய்லரும் உள்ள வண்டிக்கும் இரண்டு பேர் மட்டும் போகும் வண்டிக்கும் ஒரே எண்ணைச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. 20-இல் தொடங்கி, வண்டி திணறினால் இரண்டிரண்டாக இறக்குங்கள். தார்ச்சாலையில் மணிக்கணக்காக ஓடி வந்த டயர் சூடாக இருக்கும் என்பதையும், அப்போது 18 காட்டுவது ஆறிய பிறகு இன்னும் குறைவாகவே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயர் உள்ளுக்குள் வெந்துவிடும். கிழக்குக் கடற்கரை சட்டப்படி சாலைதான், உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர்தான் என்றாலும், 80-இல் போயே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நிறுத்தும்போது பிரேக்கை அழுத்தினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் மேடு கட்டும். ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, முடிந்தால் சரிவை நோக்கி, வண்டி தானாக நிற்கட்டும். தடம் மாறும்போது பெரிய வட்டமாகத் திரும்புங்கள். எல்லாவற்றையும் விட, திரும்பித் தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றை அடைக்காமல் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். கம்ப்ரெசர் உண்மையில் தேவைப்படுவது அங்கேதான்.

இரு பிள்ளைகளின் தாய்:

டயரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்களுக்கு நடந்ததும் டயரால்தான், ஆனால் வேறு விதமாக. ஈலை ஓடைக்கு வடக்கே, 1935-இல் புயலில் கரையொதுங்கிய மகினோ கப்பலின் துருப்பிடித்த எலும்புக்கூட்டுக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தி, கணவர் முன் டயரிலும் நான் பின் டயரிலும் குந்தியிருந்தோம். காற்று சீறும் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. ஏதோ தோன்றித் தலை நிமிர்ந்தால், ஐந்து வயது மகள் பத்தடி தள்ளிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருக்கிறாள், அவளுக்குப் பின்னால் ஒரு டிங்கோ, அந்தக் காட்டு நாய், நிற்கிறது. அது குரைக்கவில்லை, வாலை ஆட்டவில்லை, எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குனிந்திருந்த அவள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

டிங்கோவைக் கண்டால் ஓடக்கூடாது என்று படித்திருந்தேன், ஆனால் அதைப் படித்தது நான் மட்டும்தான். பிள்ளைகளுக்கு நாங்கள் சீட் பெல்ட்டையும் அலையையும் பற்றிச் சொன்னோமே தவிர இதைச் சொல்லவில்லை. "அப்படியே எழுந்து நில், கையை நெஞ்சில் கட்டிக்கொள்" என்று குரலை உயர்த்தாமல் சொன்னேன். அவள் விளையாட்டு என்று எண்ணிச் சிரித்தபடியே நின்றாள். நான் நிமிர்ந்து நின்று, டிங்கோவை விட்டுக் கண்ணெடுக்காமல் நடந்து போய் அவளை என்னோடு சேர்த்துக்கொண்டு, பின்னோக்கியே வண்டிக்கு வந்தேன். வண்டியில் ஒருவர் வேலை செய்தால் மற்றவர் பிள்ளைகளின் கையெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும் என்பதை எந்தத் தயாரிப்புப் பட்டியலிலும் நான் பார்க்கவில்லை.

வற்றுக்குக் காத்திருந்தவன்:

என்னுடையது சிறியது. உயர் ஓதத்துக்கு, அதாவது கடல் மட்டம் உச்சத்தில் இருக்கும் நேரத்துக்கு, முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கடற்கரையில் ஓட்டக்கூடாது என்பதை அறிந்து, ஓத அட்டவணையை அச்சிட்டு எடுத்துப் போயிருந்தேன். ஆனால் அது தீவின் மேற்கே உள்ள ஹெர்வி பே பக்கத்து அட்டவணை. கிழக்குக் கடற்கரையில் கடல் அந்த நேரப்படி நடந்துகொள்ளவில்லை. போயுங்கன் பாறைகளை நெருங்கியபோது ஈர மணல் ஒரு வண்டி அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. மேட்டு மணலில் ஏறி நின்று, எங்கள் தடத்தை அலை ஒவ்வொன்றாக அழிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. கையிலிருந்த தாளின் தலைப்பை மட்டும் மறுபடி மறுபடி படித்தார்.

மேலே எண்களுக்காகச் சண்டை பிடித்த நண்பரே, நீங்கள் சொன்னவை எல்லாம் சரிதான், ஆனால் அந்த முதியவர் 18 என்று ஓதவில்லை. முதலில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார் என்பதை நீங்கள் வாசிக்கத் தவறிவிட்டீர்கள்.

ரிம்மை விட்ட டயர்:

கட்டைவிரல் கேஜ் ஆகாது.

பழைய டீசல்:

ஆங்கில எழுத்தில் (K'gari) முன்னால் ஒரு 'K' நின்றாலும் உச்சரிப்பு கர்ரிதான் என்று முதல் பதிவாளர் சரியாக எழுதியிருக்கிறார். 2023-இல் ஃப்ரேசர் தீவு என்ற பெயர் நீங்கி, தீவின் பூர்வகுடிகளான பட்சுலா மக்கள் வழங்கிய பெயரே அதிகாரபூர்வமாகத் திரும்பியது. பழைய வரைபடம் வைத்திருப்பவர்கள் இரண்டு பெயரிலும் தேடுங்கள். ஓத அட்டவணையைத் தேடும்போதும்தான்.

கடைசி வரிசைக்காரன்:

செப்டம்பரில் மறுபடி போகிறோம். கேஜ் ஓட்டுநர் கதவுப் பையில் இருக்கிறது. கம்ப்ரெசரை எதற்கும் அடியில் வைக்கக்கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அது குளிர்பெட்டியின் மூடிமேல் கட்டப்பட்டிருக்கிறது. இப்போது குளிர்பெட்டியைத் திறக்க வழியில்லை. டோ பால் விஷயம் எனக்குத் தெரியாது, பழைய டீசல் அவர்களே. நேற்று மாலை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். என் வண்டியின் பின்பக்கம் மீட்புக் கொக்கி என்று எதுவும் இல்லை.