‘மயக்க ஆழமானி’ வேண்டாம்: ‘விழிப்புத்தணிவு’, ‘விழிப்புச் சுட்டெண்’ – ஒரு முன்மொழிவு

கலைச்சொல் குழுவினர்க்கு வணக்கம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவருக்குப் புரொபோஃபால், மிடசோலம் போன்ற மருந்துகளைத் தொடர்ந்து செலுத்தி உண்டாக்கும் நிலையை (sedation) ‘மயக்கம்’ என்றும், அதை மூளையலைகளைக் கொண்டு கணிக்கும் கருவியை ‘மயக்க ஆழமானி’ என்றும் அழைக்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை.

வெயிலில் நின்றவர் சாய்வதும், அறுவைக்கு முன் கொடுப்பதும், வெறும் தலைசுற்றலும்கூட நமக்கு மயக்கம்தான். இங்கு பேசப்படும் நோயாளியோ பல வேளைகளில் நினைவிழந்தவரே அல்லர். நோயாளியின் கிளர்ச்சியையும் விழிப்பையும் பார்த்து எண்ணிட 2002இல் வெளியான ரிச்மண்ட் அளவையில் +4 என்பது மூர்க்கமான கிளர்ச்சி. 0 என்பது அமைதியான விழிப்பு. -1இல் இருப்பவர் பெயர் சொல்லி அழைத்தால் கண் திறந்து பத்து நொடிக்கு மேல் நம்மைப் பார்ப்பார். -5இல் இருப்பவர் தொட்டு அசைத்தாலும் அசையமாட்டார். ஆழமாக வைத்தால் சுவாசக் கருவியை விலக்குவது தள்ளிப்போகும் என்பதால், பெரும்பாலோரை இன்று இலேசான நிலையில் வைக்கவே மருத்துவர்கள் விரும்புகிறார்கள். அழைத்தால் விழித்துப் பார்ப்பவரை மயக்கத்தில் இருக்கிறார் என்று எழுதினால், வெளியே காத்திருக்கும் உறவினர் வேறு பொருள் கொள்வார்.

‘தணி’ என்னும் வினை இதற்குப் பொருந்துகிறது. காய்ச்சலும் கோபமும் தணிகின்றன. அணைந்துபோவதில்லை, படிப்படியாகக் குறைகின்றன. தன்வினையும் பிறவினையும் இருப்பதால், நோயாளியின் நிலை ‘தணிவு’, மருத்துவர் செய்வது ‘தணிப்பு’ என்று இரு சொற்கள் இயல்பாகவே கிடைக்கின்றன. தணிவது எது என்ற கேள்வி வரும் என்பதால் ‘விழிப்புத்தணிவு’ என்கிறேன். ‘உணர்வு’ என்றால் வலியுணர்வோடு குழம்பும். விழிப்பைத் தணிக்கும் மருந்தெல்லாம் வலியைத் தணிப்பதில்லை.

அடுத்தது கருவி. 1996இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்று, மருத்துவமனைகளில் ‘பிஸ்’ (BIS, Bispectral Index) எனப்படுவது, நெற்றியில் ஒட்டிய மின்வாய்களின் வழியே மூளையலைகளைப் பெற்று 0 முதல் 100 வரை ஓர் எண்ணைத் தருகிறது. முழு விழிப்பில் எண் 100ஐ ஒட்டியிருக்கும். அறுவைக்கான மயக்கத்தில் 40 முதல் 60 வரை. அலைகள் முற்றிலும் அடங்கினால் 0. ஆக, ஆழம் கூடக் கூட எண் குறைகிறது. வெப்பமானியில் எண் ஏறினால் வெப்பம் ஏறியது என்று படித்துப் பழகிய நாம், ‘ஆழமானி’ 90 காட்டினால் என்ன நினைப்போம்? பெயரை விழிப்பின் பக்கமாக வைத்தால் ரிச்மண்ட் அளவையோடும் திசை ஒத்துப்போகும்.

‘மானி’ என்பதும் எனக்கு உறுத்துகிறது, ஏனெனில் இக்கருவி விழிப்பை நேராக அளப்பதில்லை. அலைகளிலிருந்து கணக்கிட்ட ஓர் எண்ணையே தருகிறது. நெற்றித் தசைகளின் மின்துடிப்பு கலந்தால் எண் உயரும். கெட்டமைன் என்னும் மருந்தைக் கொடுத்தால், நோயாளியின் விழிப்பு தணிந்திருக்கும்போதே எண் ஏறலாம். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், முழு விழிப்பிலிருந்த தன்னார்வலர்களுக்குத் தசைத்தளர்த்தி (தசைகளை அசையவிடாமல் செய்யும் மருந்து) மட்டும் கொடுத்தபோதே எண் இறங்கியது. தசைத்தளர்த்தி பெற்றவரால் கண் திறக்க முடியாது. ரிச்மண்ட் அளவை அங்கு உதவாது. இக்கருவி மிகவும் தேவைப்படும் இடமும் அதுவே என்பதுதான் சிக்கல். ஆகவே ‘விழிப்புச் சுட்டெண்’ போதும். ‘மூளையலை’ என்ற முன்னொட்டைக் கட்டுரையில் முதன்முறை வரும்போது மட்டும் சேர்க்கலாம்.

மிக ஆழ்ந்த நிலையில், அலைகள் சட்டென எழுந்து, பின் சில நொடிகள் தட்டையாகி, மீண்டும் எழும் கோலத்துக்கு ‘வெடிப்பு ஒடுக்கம்’ (burst suppression) என்று முன்பு எழுதியிருந்தார்கள். வெடிப்பு என்றால் படிப்பவருக்கு இரத்தக்குழாய்தான் நினைவுக்கு வரும். ‘எழுந்தடங்கல்’ என்று சொல்லிப் பார்க்கலாம். கடந்த 63 நொடிகளில் தட்டையாக இருந்த பங்கைச் சதவீதமாகக் காட்டும் எண்ணுக்கு ‘அடங்கல் விகிதம்’ என்பதும் அதிலிருந்தே கிடைத்துவிடும். பிரிவுகளில் பணிபுரியும் செவிலியர் இவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, எது நாக்கில் சிக்குகிறது என்று எழுதினால் நன்று. ‘விழிப்புத்தணிவு’ சற்று நீளம்தான்.